கோவென்ட்ரிக்கு அனுப்பிட்டாங்கன்னா என்ன அர்த்தம்? ஆள் எங்கயும் போகல, ஆனா யாரும் பேச மாட்டாங்க

பழைய பிரிட்டிஷ் ஸ்கூல் கதைகள்லயும் ஃபேக்டரி ஸ்ட்ரைக் பத்தின செய்திகள்லயும் "சென்ட் டு கோவென்ட்ரி"ன்னு ஒரு வரி அடிக்கடி வரும். கோவென்ட்ரின்னு நிஜமாவே ஒரு ஊரு இருக்கு, இங்கிலாந்துக்கு நட்ட நடுவுல, பர்மிங்ஹாம்ல இருந்து ஒரு முப்பது கிலோமீட்டர் கிழக்கால. அதனால முதல் தடவ படிக்கிறவங்க சரி ஆள அந்த ஊருக்கு மாத்திட்டாங்க போலன்னு நெனச்சுக்கிட்டு அடுத்த பாராவுக்குப் போனா, அந்த ஆள் அதே ஹாஸ்டல்ல அதே பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருப்பான். என்னடா இது, டிக்கெட்டே எடுக்காம ஒருத்தன எப்படி ஊருக்கு அனுப்புனாங்கன்னு கதையே புரியாது.

விஷயம் என்னன்னா, ஒரு கூட்டம் சேந்து ஒருத்தர்கிட்ட இனிமே பேசுறதில்லன்னு முடிவு பண்ணி, அவர் அங்க இல்லவே இல்லங்கிற மாதிரி நடந்துக்கிறதுக்குப் பேருதான் கோவென்ட்ரிக்கு அனுப்புறது. அவர் குட் மார்னிங் சொன்னா பதில் வராது, பக்கத்துல வந்து உக்காந்தா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, ஜோக் சொன்னா சிரிக்க மாட்டாங்க, திட்டவும் மாட்டாங்க. திட்டுனாக்கூட பரவால்லன்னு அவருக்கே தோணும், ஏன்னா திட்டுறதுக்காவது நாம இருக்கோம்னு ஒத்துக்கணும் இல்லயா.

இங்க ஒரு சின்ன வித்தியாசத்தப் புடிச்சுக்கணும். புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டுட்டு ரெண்டு நாள் பேசாம இருக்கிறது இதுல வராது, ஃப்ரெண்டு கோவிச்சுக்கிட்டு ஃபோன எடுக்காம இருக்கிறதும் வராது. அதெல்லாம் தனி ஆளோட கோவம். கோவென்ட்ரிங்கிறது கூட்டமா எடுக்குற முடிவு, அதுல சேந்தவங்க எல்லாரையும் கட்டுப்படுத்தும். அந்த ஆளுமேல உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லன்னாலும் நீங்களும் பேசக்கூடாது, பேசுனா அடுத்தது நீங்கதான். நம்ம பக்கம் ஊர்ப் பஞ்சாயத்துல ஒரு குடும்பத்தத் தள்ளி வெச்சு, அவங்களோட அன்னந்தண்ணி பொழங்குறவங்களுக்கும் அபராதம்னு சொல்லுவாங்கல்ல, அந்தக் கட்டுப்பாட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு புரிஞ்சிடும்.

இதுக்கு நான் பாத்ததுலயே ரொம்ப அழகான விளக்கம் ஒரு பழைய ஸ்லாங் டிக்‌ஷனரியில இருக்கு. ஃபிரான்சிஸ் க்ரோஸ்னு ஒருத்தர், 18ஆம் நூற்றாண்டுல மிலிஷியாவுல, அதாவது உள்ளூர் துணைப்படையில, கேப்டனா இருந்தவர், நல்ல பருமன், பேச்சுன்னா உயிர், லண்டன் சந்துபொந்தெல்லாம் ராத்திரி சுத்தி அங்க சாதாரண ஜனங்க பேசுற வார்த்தைகளப் பொறுக்கி 1785ல ஒரு அகராதியாப் போட்டார். பெரிய மனுஷங்க அகராதியில எடமே கிடைக்காத வார்த்தைங்கதான் அதுல முக்காவாசியும். அவர் போனதுக்கப்புறம் 1811ல வந்த பதிப்புல கோவென்ட்ரி பத்தி ஒரு குறிப்பு இருக்கு. அதோட சாரம் இதான்: இது ராணுவ ஆபீசர்ங்க தங்களுக்குள்ளயே குடுத்துக்கிற தண்டனை. எதுக்கெடுத்தாலும் சிடுசிடுன்னு விழுகுறவன், முறை தவறி நடந்தவன், ஆனா கோர்ட் மார்ஷல் வரைக்கும் கொண்டு போற அளவுக்குப் பெரிய தப்பு இல்ல, அந்த மாதிரி ஆளுக்கு. கோவென்ட்ரிக்கு அனுப்பப்பட்டவன் ஊர்ல இல்லாதவனா கணக்கு. டியூட்டி சம்பந்தமான விஷயத்தத் தவிர அவன்கிட்ட யாரும் பேசக்கூடாது, அவன் கேட்டா பதிலும் சொல்லக்கூடாது, மீறுனா மீறுனவனையும் அதே ஊருக்கு அனுப்பிடுவாங்க. ஒழுங்கா மன்னிப்பு கேட்டுட்டான்னா திரும்பக் கூப்பிட்டுக்குவாங்க, அப்போ மெஸ்ல எல்லாரும் அவன் இப்பதான் கோவென்ட்ரிக்குப் பயணம் போயிட்டு வந்த மாதிரி வரவேற்பாங்க.

அந்தக் கடைசி வரிதான் எனக்குப் புடிச்சது. வாப்பா, பயணம் எல்லாம் எப்படின்னு கேக்குற மாதிரி ஒரு நாடகம். தண்டனைக்குள்ளயே திரும்பி வர்ற வழியையும் சேத்து வெச்சிருக்காங்க, வந்தவன்கிட்ட பழசக் கிளறாம இருக்கிறதுக்கு ஒரு சாக்கும் ரெடி. ஒருத்தன் தப்பு பண்ணான், ஒதுக்குனோம், மன்னிச்சோம்னு சொன்னா ரெண்டு பக்கமும் சங்கடம், அதுக்குப் பதிலா ஊருக்குப் போயிருந்தான் வந்துட்டான்னு முடிச்சுக்கிறது. புத்திசாலித்தனமான ஏற்பாடு.

இதுக்கும் முந்தின ஒரு ஆதாரம் இன்னும் தமாஷா இருக்கும். இங்கிலாந்துல செஷயர் பக்கம் டார்ப்பர்லின்னு ஒரு ஊரு, அங்க 1762ல ஆரம்பிச்ச ஒரு வேட்டை கிளப்பு, பணக்கார நிலச்சுவான்தாருங்க கூடி வேட்டைக்குப் போறதும் ராத்திரி குடிக்கிறதும்தான் வேலை. அவங்க நோட்டுல 1765ல ஒரு பதிவு. ஜான் பேரிங்கிற மெம்பர் வேட்டை நாய்ங்கள சொன்ன எடத்துக்கு அனுப்பாம வேற எடத்துக்கு அனுப்பிட்டாராம், அதுக்காக அவர கோவென்ட்ரிக்கு அனுப்புனாங்களாம், அப்புறம் கிளப்புக்கு ஆறு பாட்டில் கிளாரெட் ஒயின் வாங்கிக் குடுத்ததும் திரும்பிட்டாராம். அவ்வளவுதான் பதிவு. விளக்கம் ஒண்ணும் எழுதல, எழுத வேண்டிய தேவையும் இருந்திருக்காது, ஏன்னா அந்த டேபிள்ல இருந்த எல்லாருக்கும் அர்த்தம் ஏற்கனவே தெரியும். அதாவது 1765லயே இது பழகுன பேச்சு. இங்கயும் பாருங்க, திரும்பி வர்றதுக்கு ஒரு விலை இருக்கு, ஆறு பாட்டில், குடுத்தா கதவு தொறந்துடும்.

சரி, இத்தன ஊரு இருக்கும்போது ஏன் கோவென்ட்ரி?

பெரும்பாலும் எல்லாரும் சொல்ற கதை இங்கிலாந்து உள்நாட்டுப் போர்ல இருந்து வருது. 1642ல ராஜா முதலாம் சார்லஸுக்கும் பார்லிமென்டுக்கும் முட்டிக்கிச்சு, படை திரட்டுற நேரம். அந்த ஆகஸ்ட்ல ராஜா படையோட கோவென்ட்ரி வாசலுக்கு வந்து நின்னார், ஊர்க்காரங்க கதவச் சாத்திட்டாங்க, ராஜாவ உள்ளயே விடல. சுத்தி நல்ல கனமான மதில் வேற இருந்துச்சு, அதனால ஒண்ணும் பண்ண முடியாம அவர் நாட்டிங்ஹாம் போய் அங்கதான் போர்க்கொடி ஏத்துனார். போர் முழுக்க கோவென்ட்ரி பார்லிமென்ட் பக்கம் உறுதியா நின்ன ஊரு. இந்தக் கடுப்பு அரச குடும்பத்துக்கு எவ்வளவு நாள் இருந்துச்சுன்னா, மகன் ரெண்டாம் சார்லஸ் பதவிக்கு வந்து 1662ல அந்த மதில இடிக்கச் சொல்லிட்டார். அப்பாவுக்குக் கதவு சாத்துன மதிலாச்சே.

அப்படிப்பட்ட ஊருங்கிறதால புடிபட்ட ராஜா கட்சி ஆளுங்கள அங்க கொண்டு போய் அடைச்சாங்க. கிளாரண்டன் பிரபுன்னு ஒருத்தர், ராஜாவோட ஆலோசகர், அந்தப் போரப் பத்திப் பெரிய வரலாறு எழுதி வெச்சுட்டுச் செத்துட்டார், அது 1702ல இருந்து 1704க்குள்ள அச்சாகி வந்துச்சு. அதுல பர்மிங்ஹாம்காரங்கள நல்லா திட்டியிருப்பார், மோசமான ஊரு, ராஜாவோட சின்னச் சின்ன படைக் கூட்டங்கமேல பாஞ்சு சிலரக் கொன்னாங்க, சிலரப் புடிச்சு கோவென்ட்ரிக்கு அனுப்புனாங்கன்னு. அந்த "கோவென்ட்ரிக்கு அனுப்புனாங்க"தான் எல்லாரும் காட்டுற சாட்சி. அப்புறம் 1648ல பிரெஸ்டன் சண்டையில பார்லிமென்ட் படைத் தளபதி க்ராம்வெல்கிட்ட தோத்த ஸ்காட்லாந்து சிப்பாய்ங்களயும் இங்க ஒரு சர்ச்சுல அடைச்சு வெச்சாங்க, ஊர் ஜனங்க அவங்ககிட்ட முகம் குடுத்தே பேசல, அதுல இருந்து வந்ததுதான் இந்தப் பேச்சுன்னு அந்த ஊர்க்காரங்க சொல்லிக்கிறாங்க.

கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் இத முழுசா நம்ப மாட்டேன். காரணம் ரெண்டு. கிளாரண்டன் எழுதுனதுல கோவென்ட்ரிக்கு அனுப்புறதுன்னா நிஜமாவே கை கட்டி, நடக்க வெச்சு, அந்த ஊர் ஜெயிலுக்குக் கொண்டு போறது, பேசாம ஒதுக்குறதுங்கிற அர்த்தமே அதுல கெடயாது. அடுத்தது இடைவெளி. போர் 1640கள்ல, ஒதுக்குறதுங்கிற அர்த்தத்துல கெடைக்கிற ஆதாரமோ 1760கள்ல, நடுவுல நூறு வருஷத்துக்கு மேல. சிப்பாய்ங்ககூட யாரும் பேசாததால வந்த பேச்சா இருந்தா அந்த நூறு வருஷத்துல ஒரு லெட்டர்லயோ ஒரு நாடகத்துலயோ தலை காட்டியிருக்கணும். என் யூகம் என்னன்னா, அந்த நிலச்சுவான்தாருங்களும் ஆபீசர்ங்களும் வீட்டு அலமாரியில கிளாரண்டன் புத்தகத்த வெச்சிருந்த வர்க்கம், அதனால போர்ல இருந்து நேரா வந்ததவிட அந்தப் புத்தகத்துல இருந்து கிண்டலா எடுத்துக்கிட்டதா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. இது யூகம்தான், யூகமாவே வெச்சுக்கங்க.

இன்னொரு கதை ப்ரூவர்ங்கிறவர் 1870ல போட்ட சொலவடை அகராதியில இருக்கு. கோவென்ட்ரி ஜனங்களுக்கு ஒரு காலத்துல சிப்பாய்ங்கன்னாலே ஆகாதாம், ஒரு சிப்பாய்கிட்ட பேசுன பொண்ணப் பாத்தா அவளையே ஒதுக்கிடுவாங்களாம், அதனால அந்த ஊருக்குப் போஸ்டிங் ஆன சிப்பாய்க்கு பேச்சுத்துணைக்கு ஆளே இருக்காதாம். ராணுவ ஆபீசர் வழக்கோட இது நல்லா பொருந்துது, ஆனா எந்த வருஷம், எந்தப் படைன்னு ஒண்ணும் சொல்லாம "ஒரு காலத்துல"ன்னு ஆரம்பிக்கிற கதைய நான் கொஞ்சம் தள்ளியே வெச்சுப் பாப்பேன். கோவின் ட்ரீங்கிற ஒரு மரத்துல இருந்து, அதாவது பிரபுவோட கோட்டை வாசல்ல தூக்குப் போட வெச்சிருந்த மரத்துல இருந்து வந்ததுன்னும் ஒண்ணு சொல்லுவாங்க, அத விடுங்க, சத்தம் ஒத்துப்போறதத் தவிர அதுல ஒண்ணும் இல்ல.

பாவம் அந்த ஊரு, ஒரு தப்பும் பண்ணல. சொல்லப்போனா இங்கிலீஷுக்கு நிறைய குடுத்த ஊரு. ஒளிஞ்சு பாக்குறவன பீப்பிங் டாம்னு சொல்றாங்களே, அது கோவென்ட்ரியோட கொடைவா அம்மா துணியில்லாம குதிரையில ஊருக்குள்ள போன பழைய கதையில பின்னால சேந்த பாத்திரம். அந்த ஊர்ல நெய்த நீலத் துணி சாயம் போகாதுன்னு பேர் வாங்குனதால "கோவென்ட்ரி நீலம் மாதிரி உண்மையானவன்"னு ஒரு பாராட்டும் இருந்துச்சு. கடைசியில உலகம் ஞாபகம் வெச்சுக்கிட்டது என்னவோ ஒதுக்கி வெக்கிறதத்தான்.

இதுவரைக்கும் பாத்தது பாதி விளையாட்டு மாதிரி இருக்கும். பணக்காரங்க, மெஸ், ஒயின், கொஞ்ச நாள் மௌனம், அப்புறம் வரவேற்பு. இந்தப் பேச்சு அந்த வட்டத்த விட்டு வெளிய வந்தப்போதான் பல்லு மொளச்சுது.

1880, அயர்லாந்து. விளைச்சல் மோசம், குத்தகைக்காரங்களால வாடகை கட்ட முடியல, நிலச்சுவான்தாருங்க காலி பண்ண வெக்கிறாங்க. அப்படிக் காலி பண்ண நிலத்த இன்னொரு குத்தகைக்காரன் ஆசப்பட்டு எடுத்துட்டா எல்லா எதிர்ப்பும் வீணாப் போயிடும். செப்டம்பர் 19ஆம் தேதி என்னிஸ் ஊர்ல ஐரிஷ் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் கூட்டத்துல கேக்குறார், அப்படி எடுத்தவன என்ன பண்ணலாம்னு. கூட்டத்துல இருந்து கொல்லு, சுடுன்னு சத்தம். அவர் அதவிட நல்ல வழி, கிறிஸ்தவனுக்கு ஏத்த வழி ஒண்ணு இருக்கு, தப்பு பண்ணவனுக்கு மனசு மாற வாய்ப்பும் குடுக்கும்னு சொல்லிட்டு ஒரு பட்டியலே போடுறார்: ரோட்டுல பாத்தா ஒதுங்குங்க, தெருவுல ஒதுங்குங்க, கடை கவுன்டர்ல, சந்தையில, சர்ச்சுக்குள்ளயும்கூட ஒதுங்குங்க, அவன ஒரு "மாரல் கோவென்ட்ரி"யில வெச்சுடுங்க, அந்தக் காலத்துல தொழுநோயாளிங்கள ஒதுக்குன மாதிரின்னு. நம்ம சொலவடையே அவர் வாயில வருது பாருங்க, கிளப்புல ஒயினுக்குப் புழங்குனது இப்போ நிலப் போராட்டத்துக்கு ஆயுதம்.

சில நாள்லயே அந்த ஆயுதம் ஒருத்தர்மேல விழுந்துச்சு. மேயோ கவுண்டியில ஏர்ன் பிரபுவோட நிலத்துக்கு ஏஜென்ட், ஒரு இங்கிலீஷ்காரர், கேப்டன் சார்லஸ் பாய்காட். பேரக் கேட்டதும் புரிஞ்சிருக்கும். குத்தகைக்காரங்க வாடகையில 25 சதவீதம் கொறைக்கச் சொன்னாங்க, பிரபு 10 சதவீதத்துக்கு மேல முடியாதுன்னுட்டார், காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் போச்சு. ஊர் ஜனங்க அவர்மேல கைய வெக்கல. வேலைக்காரங்க நின்னுட்டாங்க, வயல்ல கூலிக்கு ஆள் வரல, கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்கல, துணி தொவைக்க ஆள் இல்ல, கடைக்காரங்க சாமான் தர மாட்டேன்னுட்டாங்க. அவர் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு லெட்டர் எழுதி ஒரே பரபரப்பு ஆச்சு. கடைசியில அயர்லாந்தோட வடக்குல இருக்கிற அல்ஸ்டர் பக்கத்துல இருந்து ஒரு ஐம்பது பேர் அறுவடை பண்ணக் கிளம்பி வந்தாங்க, அவங்களுக்குப் பாதுகாப்பா ஆயிரம் சிப்பாய், போலீஸ். சுமார் 500 பவுண்டு பயிர எடுக்க அரசாங்கத்துக்கு ஆன செலவு 10,000 பவுண்டு இருக்கும்னு அப்போ கணக்குப் போட்டாங்க. ஒரு டர்னிப்புக்கு ஒரு ஷில்லிங் ஆச்சுன்னு பார்னெல் கேலி பண்ணார். டிசம்பர் 1ஆம் தேதி பாய்காட் குடும்பத்தோட கிளம்பிட்டார், வண்டி ஓட்டக்கூட உள்ளூர் ஆள் கெடைக்காம ராணுவத்தோட ஆம்புலன்ஸ் வண்டியில.

அவர் பேரே வார்த்தை ஆனதுக்கும் ஒரு கதை இருக்கு. இந்த ஒதுக்குறதுக்கு என்ன பேர் வெக்கலாம், "ஆஸ்ட்ரசைஸ்"ன்னு சொன்னா விவசாயிங்களுக்குப் புரியாதேன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தப்போ உள்ளூர் பாதிரியார் ஜான் ஓமாலி, பேசாம பாய்காட் பண்றதுன்னே சொல்லுவோமேன்னாராம், பக்கத்துல இருந்த அமெரிக்க நிருபர் ஜேம்ஸ் ரெட்பாத் அத எழுதி வெச்சார். அந்த வார்த்தை சில மாசத்துலயே ஐரோப்பா முழுக்கப் பரவிடுச்சு, 1905ல வங்காளப் பிரிவினைய எதிர்த்து சுதேசி இயக்கம் வந்தப்போ நம்ம நாட்டுக்கும் வந்துடுச்சு. கோவென்ட்ரி பிரிட்டன்லயே தங்கிடுச்சு, பாய்காட் உலகம் சுத்திடுச்சு. ஆனா மனுஷன மனுஷன் ஒதுக்குற பழைய வேலை நின்னுடல. சாதிப் பஞ்சாயத்துங்க குடும்பங்கள ஒதுக்கி வெக்கிறதத் தடுக்க மகாராஷ்டிரா 2016ல தனிச் சட்டமே போட்டுச்சு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். அந்தச் சட்டத்தோட பேர்லயே சோஷியல் பாய்காட்தான் இருக்கு.

பலமானவனுக்கு எதிரா எளியவங்க கையில இருந்தா இது போராட்டம். அதே விஷயம் திருப்பிப் போட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு அமெரிக்காவுல வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியப் பாக்கணும். அங்க இதுக்கு "சைலன்சிங்"னு பேரு. ஒழுக்கக் கமிட்டி குத்தம்னு சொன்ன கேடட்டுக்குக் குடுக்குற தண்டனை, கிட்டத்தட்ட நம்ம க்ரோஸ் எழுதி வெச்ச அதே ரூல், டியூட்டியத் தவிர பேச்சு கெடயாது. 1932ல பெஞ்சமின் ஓ. டேவிஸ் ஜூனியர்னு ஒரு கருப்பினப் பையன் சேந்தார். அவர் ஒரு குத்தமும் பண்ணல, கருப்பா இருந்தது மட்டும்தான் விஷயம், அவர வெளிய தொரத்துறதுக்காக எல்லாரும் சேந்து பேசாம விட்டாங்க. ரூம்மேட் இல்ல, சாப்பிடும்போது பேச்சு இல்ல, நாலு வருஷம். ஒரு நாள் ராத்திரி மீட்டிங்னு நோட்டீஸ் பாத்துட்டு இவரும் கிளம்பிப் போனா உள்ள பேச்சே இவர என்ன பண்றதுன்னுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சாம், திரும்பி வந்து படுத்துட்டார். 1936ல 276 பேர்ல 35ஆவதா பாஸ் பண்ணி வெளிய வந்தார். அப்புறம் ரெண்டாம் உலகப் போர்ல டஸ்கீகி ஏர்மென்னு பேர் போன கருப்பின விமானிங்களுக்குத் தலைமை தாங்குனார், 1954ல அமெரிக்க விமானப்படையோட முதல் கருப்பின ஜெனரல் ஆனார். அந்த சைலன்சிங் வழக்கத்த 1973லதான் கேடட்டுங்க கைவிட்டாங்க.

டேவிஸோட கதையில எனக்கு உறுத்துறது அந்த நாலு வருஷம்கூட இல்ல. க்ரோஸோட ரூல்ல மன்னிப்புக் கேட்டா திரும்பலாம், டார்ப்பர்லியில ஒயின் வாங்கிக் குடுத்தா திரும்பலாம், பார்னெல்கூட மனசு மாற வாய்ப்புன்னு ஒரு வார்த்தை சொன்னார். டேவிஸ் எதுக்குன்னு மன்னிப்பு கேப்பார்? எத விட்டுக் குடுப்பார்? திரும்பி வர்ற வழிய எடுத்துட்டா மிச்சம் இருக்கிறதுக்குத் தண்டனைங்கிற பேர்கூடப் பொருந்தாது.

பிரிட்டன் ஃபேக்டரிகள்ல, முக்கியமா 1950, 60கள்ல, யூனியன் ஸ்ட்ரைக்குக்கு வராம வேலைக்குப் போனவங்கள இப்படி அனுப்புறது சாதாரணம். கேன்டீன்ல அவர் வந்து உக்காந்தா மேசையே காலியாகும், சிலருக்கு மாசக்கணக்குல, சிலருக்கு அதுக்கும் மேல. கூட நின்னு போராடாம சம்பள உயர்வ மட்டும் வாங்கிக்கிறவன்மேல கோவம் வர்றது எனக்குப் புரியுது, ஆனா அந்த ஆளோட வீட்டுக் கொழந்தைங்களயும் ஸ்கூல்ல சேத்து ஒதுக்குன எடத்துக்கு வந்தா அந்தப் புரிதல் நின்னுடுது. இதுல ஒரு வேடிக்கை, அப்போ கார் ஃபேக்டரிகளுக்குப் பேர் போன ஊரே கோவென்ட்ரிதான், அங்க வேலை பாத்தவன கோவென்ட்ரியில வெச்சே கோவென்ட்ரிக்கு அனுப்பலாம்.

சும்மா பேசாம இருக்கிறது அவ்வளவு வலிக்குமான்னு கேக்கலாம். கிப்ளிங் வில்லியம்ஸ்னு ஒரு உளவியல் பேராசிரியர், பார்க்குல உக்காந்திருந்தப்போ முன்பின் தெரியாத ரெண்டு பேர் ஆடுன ஃப்ரிஸ்பி அவர் பக்கத்துல வந்து விழுந்துச்சு, தூக்கிப் போட்டார், அவங்களும் கொஞ்ச நேரம் அவருக்குப் போட்டாங்க, அப்புறம் சட்டுனு போடுறத நிறுத்திட்டு அவங்களுக்குள்ளயே ஆடுனாங்க. பேர்கூடத் தெரியாத ஆளுங்க, ரெண்டு நிமிஷ விளையாட்டு, ஆனாலும் அவருக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. அதையே சைபர்பால்னு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டா மாத்துனார், திரையில மூணு பேர் பந்து போட்டு ஆடுவாங்க, கொஞ்ச நேரத்துல உங்களுக்கு மட்டும் பந்து வராது. இத வெச்சு அவரும் நவோமி ஐசன்பெர்கர், மேத்யூ லீபர்மேனும் 2003ல சயன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு போட்டாங்க, பந்து வராதவங்க மூளைய ஸ்கேன்ல பாத்தா உடம்பு வலிக்கும்போது வேலை செய்யுற பகுதிங்கள்ல ஒண்ணு அப்பவும் வேலை செஞ்சுதுன்னு. இதோட அர்த்தம் என்னங்கிறதுல அறிஞர்ங்க இன்னமும் சண்டை போட்டுக்கிறாங்க, ரெண்டு வலியும் ஒண்ணேதான்னு எடுத்துக்க வேண்டியதில்ல. ஆனா முகம் தெரியாதவங்க ஒதுக்குனாலே மனசு கலங்குதுங்கிறது மட்டும் அந்த விளையாட்ட வெச்சு திரும்பத் திரும்பப் பாத்த விஷயம்.

இப்போ நெட் காலத்துலயும் இந்தப் பேரு வேற வேஷத்துல வந்துச்சு. நெட்ல பல பேர் கூடி எழுதிப் பேசிக்கிற ஃபோரம்கள நடத்த வீபுல்லட்டின்னு ஒரு சாஃப்ட்வேர், அதுல அட்மின்களுக்கு ஒரு வசதி, தொல்லை குடுக்குற ஆள அதுல போட்டுட்டா அவர் எழுதுறது அவருக்கு மட்டும் தெரியும், மத்த யாருக்கும் தெரியாது, அவரும் யாரும் பதிலே சொல்ல மாட்டேங்கிறாங்களேன்னு சலிச்சுப் போய் கிளம்பிடுவார். அந்த வசதியோட பேர்ல கோவென்ட்ரி இருந்துச்சு. இன்னைக்கு ஷேடோ பேன்னு சொல்றது கிட்டத்தட்ட இதேதான். ஆனா ஒரு வித்தியாசம், மெஸ்ல ஒதுக்கப்பட்டவனுக்குத் தான் ஒதுக்கப்பட்டிருக்கோம்னு தெரியும், இங்க அதுவும் தெரியாது.

பக்கத்துல நிக்கிற மத்த இங்கிலீஷ் சொலவடைங்களோட இத குழப்பிக்காம இருந்தா போதும். "இன் த டாக்ஹவுஸ்"னா ஒருத்தரோட, பெரும்பாலும் வீட்டம்மாவோட, தற்காலிகக் கோவத்துக்கு ஆளாயிருக்கிறது, அமெரிக்கப் பேச்சு, கொஞ்சம் சிரிப்பும் கலந்தது. "பேட் புக்ஸ்"ல இருக்கிறதுன்னா ஒருத்தருக்கு உங்கமேல நல்ல அபிப்பிராயம் இல்ல, அவ்வளவுதான், பேச்சுவார்த்தை நடக்கும். "கோல்ட் ஷோல்டர்" குடுக்குறதுன்னா ஒருத்தர் முகத்தத் திருப்பிக்கிறது, அது வால்டர் ஸ்காட் 1816ல எழுதுன நாவல்லயே வருது, வேண்டாத விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டுக்கறி போட்டதுல இருந்து வந்ததுங்கிறதெல்லாம் பின்னால கட்டுன கதை. இது எதுலயும் கூட்டத்தோட ஒப்பந்தம் கெடயாது, கோவென்ட்ரியில மட்டும்தான் அது இருக்கு.

வாக்கியத்துல போடும்போது பெரும்பாலும் செயப்பாட்டு வினையாத்தான் வரும், "ஹி வாஸ் சென்ட் டு கோவென்ட்ரி பை ஹிஸ் கொலீக்ஸ்"னு. அனுப்புனது யாருன்னு சொல்லணும்னா ஒரு கூட்டத்தத்தான் சொல்லணும், "மை சிஸ்டர் சென்ட் மீ டு கோவென்ட்ரி"ன்னு தனி ஆளப் போட்டா புரியும், ஆனா காதுல கொஞ்சம் இடறும். எதுக்காக அனுப்புனாங்கன்னு "ஃபார்" போட்டு சேத்துக்கலாம். பிரிட்டன்ல வயசானவங்க சட்டுனு புரிஞ்சுக்குவாங்க, சின்ன வயசுக்காரங்க நிறைய பேர் கேள்விப்படாமலே இருக்கலாம், அமெரிக்கர்கிட்ட சொன்னா எந்த ஊரு, எப்போ கிளம்புறாருன்னு கேட்டுடுவார், அவங்களுக்கு "ஃப்ரோஸ் ஹிம் அவுட்"னோ சைலன்ட் ட்ரீட்மென்ட்னோ சொல்றதுதான் சௌகரியம். கோவென்ட்ரியில இருந்து திரும்பி வந்தார்னு சொல்ற அந்தப் பழைய பாதி மட்டும் இப்போ யார் பேச்சுலயும் அவ்வளவா வர்றதில்ல.